பிழையில்லாத ஏழாயிரம் நாள்

கேட்டில் இருந்த மெஷினில் லோகநாதன் கட்டை விரலை வைத்தான். எட்டு வருஷமாக அந்த மெஷின் அவன் விரல் பட்டதும் ‘லோகநாதன் கே., ஃபினிஷிங், வருகை’ என்று காட்டிவிட்டு ஒருமுறை கீச்சென்று கத்தும். பொங்கல் லீவு முடிந்து வந்த அந்தக் காலையில் ‘கன்றுத் தோல், கறுப்பு, மூன்றாம் தரம், நாற்பது உருப்படி, வருகை’ என்று காட்டிவிட்டு அதே மாதிரி கத்தியது.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாபா, தோலுன்னு போட்டுக்குது?”

“தெரியல. விரல் சரியா படலியோ இன்னாவோ.”

துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் தோல்.

“சரி, போ. உள்ள வர்ற தோலுக்குச் சீட்டு கேக்கறதில்ல,” என்றார் வாட்ச்மேன்.

சாயந்திரம் அதே வாட்ச்மேன் அதே கேட்டில் அவனை மறித்தார். வெளியே போகிற தோலுக்குச் சீட்டு வேண்டும்.

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்தத் தோல் கம்பெனியில் ஆயிரத்து நூறு பேர் வேலை செய்தார்கள். யார் ஆள், எது தோல், எது கெமிக்கல் என்பதையெல்லாம் ஒரே ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்து வைத்திருந்தது. ஃப்ரிட்ஜ் உயரம் இருக்கும். திரையில் பச்சை எழுத்துதான் வரும், மவுஸ் கிடையாது. அதை யாராவது சர்வர் என்று சொல்லிவிட்டால் சுப்பராயனுக்குக் கோபம் வரும். “சர்வர் ஓட்டல்ல இருப்பான். இது மிட்ரேஞ்ச் சிஸ்டம்,” என்பார்.

சுப்பராயன்தான் தரவு நம்பகப் பிரிவின் தலைவர். அவருக்குக் கீழே ஆறு பேர். பெட்டி இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் உண்டு. அறைக்குள் ‘பிழை’ என்ற சொல்லைப் பேசக் கூடாது, ‘நிகழ்வு’ என்று சொல்ல வேண்டும். எச்சரிக்கைச் செய்திகள் வந்து விழுவதற்கென்று தனியாக ஒரு திரை இருந்தது. தூசி படாமல் இருக்க அதை ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். தினமும் ஐந்து மணிக்கு எல்லாத் தகவலையும் டேப்பில் நகலெடுத்து, பட்டுத் துணியில் சுற்றி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். அந்த டேப்பைத் திருப்பி ஓட்டிப் பார்த்தது கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஒருவன் ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டபோது, “சந்தேகப்படறதுக்கு டேப் எடுக்கலப்பா, நம்பிக்கைக்கு எடுக்கறோம்,” என்று சுப்பராயன் விளக்கினார். அவன் அடுத்த மாதமே, தோலில் முடி நீக்குகிற சுண்ணாம்பு யார்டுக்கு மாற்றப்பட்டான்.

கேட்டுக்கு எதிரே பெரிய மின்பலகை ஒன்று தொங்கியது. ‘பிழையின்றி இயங்கிய நாட்கள்’ என்று எழுதி, கீழே சிவப்பு எண். லோகநாதன் தோலான அன்றைக்கு அது 6930. மார்ச் முப்பதாம் தேதி ஏழாயிரம் ஆகும். அன்றைக்கு விழா. பந்தலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது.

பூர்ணிமா பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்தாள். குடியாத்தத்துப் பெண், வெடுக்கென்று பேசுவாள், ஆனால் உண்மையைப் பேசுவாள். லோகநாதன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரையில் தட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, உங்க நம்பர் 4417 தானே?”

“ஆமா.”

“ஊழியர் 4417ன்னு அடிச்சா கன்றுத் தோல் வருது. லாட் நம்பர் 4417ன்னு அடிச்சா நீங்க வர்றீங்க. குடோன், ஏழாவது வரிசை, மூணாவது அடுக்கு. சேர்ந்த தேதி இருக்கு, விரல் போன விவரம் இருக்கு, லைட் வொர்க் ஆர்டர் இருக்கு. எல்லாம் ஸ்டாக் லிஸ்ட்ல இருக்கு.”

“இடம் மாத்தி வெச்சிட்டாங்க. திரும்ப மாத்திடும்மா.”

“நான் மாத்த முடியாது. பிரிவுலதான் மாத்தணும்.” கொஞ்சம் தயங்கினாள். “சீக்கிரம் பாருங்கண்ணே. நீங்க பழைய ஸ்டாக்கு. வருஷத்துக்கு மேல விக்காத ஸ்டாக்கையெல்லாம் மார்ச் முப்பத்தொண்ணுல ஏலத்துக்கு எடுத்துருவாங்க. ஏலம் போனா அந்த வரி அழிஞ்சுரும்.”

அந்த வரியில்தான் லோகநாதனின் பத்தொன்பது வருஷமும் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈரத் தோலை அழுத்தித் தட்டையாக்கும் செட்டிங் மெஷின் அவன் இடது கையில் இரண்டு விரலைத் தின்றது. அதற்குப் பதிலாகக் கம்பெனி அவனுக்கு நிரந்தரமாக லைட் வொர்க் என்று எழுதிக் கொடுத்தது. வரி போனால் ஏப்ரல் ஒன்றாம் தேதி அவன் புது ஆள். புது ஆட்கள் ட்ரம்மில் இருந்து ஈரத் தோலை இழுக்கப் போவார்கள். எட்டு விரலை வைத்துக்கொண்டு அதை இழுக்க முடியாது. காகிதத்தைக் காட்டி வாதாடலாம் என்றால் காகிதமும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சுப்பராயன் பழைய ஃபைல்களையெல்லாம் லாரியில் ஏற்றிப் பேப்பர் மில்லுக்கு அனுப்பிவிட்டார். காகிதம் நம்பகமானது அல்ல என்று அன்றைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. காகிதத்தில்.

சுப்பராயன் லோகநாதனை நிற்க வைத்தே பேசினார். அறை முழுக்க மல்லிகை ஸ்ப்ரே வாசனை.

“இங்க பாருப்பா. சிஸ்டம் தப்பு பண்ணாது. இந்தப் பிரிவு ஆரம்பிச்சதே அதுக்குத்தான். முன்னாடி மனுஷனுங்க கணக்கு எழுதினப்போ தினம் ஒரு தகராறு. இப்போ தகராறு இருக்கா? இல்ல. ஏன்? யாரு கேட்டாலும் சிஸ்டத்துல பாருன்னு சொல்றோம். பாத்துட்டுப் போய்டறாங்க.”

“சார், நான் தோல் இல்ல.”

“அது உன் அபிப்பிராயம்.”

“உங்க எதிர்ல நிக்கறேனே சார்.”

“நான் பாக்கறது ஆதாரம் ஆகாது. என் கண்ணுக்கு யாரும் சான்றிதழ் குடுக்கல. சிஸ்டத்துக்குக் குடுத்திருக்காங்க.” பலகை இருந்த திசையைக் கையால் காட்டினார். “ஒரு வரிய நான் மாத்தினா ஏன் மாத்தினேன்னு அது கேக்கும். பிழைன்னு போடணும். போட்டா பலகை சைபருக்கு வந்துரும். எழுபது நாள் தான் இருக்கு. உன் ஒருத்தனுக்காக ஆயிரத்து நூறு பேரோட பெருமைய நான் அழிக்கணுமா, சொல்லு.”



“வழி இல்லாம இல்ல,” என்று சுப்பராயன் கருணையோடு ஒரு படிவத்தை எடுத்தார். “தரவு முரண் விண்ணப்பம். ஊழியர் குடுக்கலாம். நீ இப்போ ஊழியர் இல்ல, ஸ்டாக்கு. ஸ்டாக்குல முரண் இருந்தா லேப்தான் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்கணும். லேபுக்குப் போ.”

குடோனையும் லேபையும் ஷபீ அஹமது பார்த்துக்கொண்டார். தோலைக் கையால் தடவியே தரம் பிரிப்பார். முப்பது வருஷ அனுபவம். லோகநாதனுக்குப் பழைய தோஸ்த். படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

“இன்னா லோகு, உன்ன டெஸ்ட் பண்ணச் சொல்றானுங்க.”

“பண்ணுங்க பாய். ஆளுன்னு எழுதிக் குடுங்க, போறேன்.”

“ஆளுன்னு எழுதறதுக்கு இதுல கட்டமே இல்லயேடா. தடிமன், ஈரம், சாயம் போறது, கிழியற பலம். அவ்ளோதான்.”

வேறு வழியில்லாமல் ஷபீ பாய் அவன் முன்கையைத் தடிமன் கேஜில் வைத்தார். உரசிப் பார்க்கும் மெஷினில் வைத்து நூற்றைம்பது தடவை வெள்ளைத் துணியால் தேய்த்தார். சாயம் போகவில்லை, தோல் சிவந்தது. கிழித்துப் பார்க்கும் டெஸ்டை மட்டும் செய்யவில்லை. ‘மாதிரி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினார். ரிப்போர்ட் இப்படி வந்தது: தடிமன் சீராக இல்லை, ஈரப்பதம் மிக அதிகம், முடி நீக்கப்படவில்லை. பெட்டி அதைப் படித்துவிட்டு லோகநாதனை மூன்றாம் தரத்தில் இருந்து ஆறாம் தரத்துக்கு இறக்கியது. ஆறாம் தரத்துக்குக் கீழே தரம் இல்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியையும் ஷபீ பாய்தான் கண்டுபிடித்தார். தினமும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: ‘லாட் 4417, ஜாப் வொர்க்குக்காக வெளியே அனுப்பப்படுகிறது, திரும்ப வரும்.’ வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட்ட சீட்டை மறுநாள் காலையில் கேட்டில் கொடுக்க வேண்டும். லோகநாதனின் பெண்டாட்டி முத்துமாரி முதல் நாள் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“‘சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது’ன்னு போட்டிருக்கு. பொய்க் கையெழுத்து போடச் சொல்றியா என்னை?”

“போடு, சும்மா பேஜார் பண்ணாத.”

“‘குறைபாடு இருந்தால் குறிப்பிடவும்’னு இங்க ஒரு இடம் விட்டிருக்கானுங்க. பின்னாடி பக்கமும் எழுதலாமா?”

எழுதவில்லை. கையெழுத்து மட்டும் போட்டாள். ஆனால் அவன் தூங்கியதும் அவனுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் தூங்கியிருக்கவில்லை.

இதற்கிடையே, அசல் கன்றுத் தோல் குடோனில் படுத்தபடியே முன்னேறிக்கொண்டிருந்தது. லோகநாதன் காலையில் வைத்த விரலெல்லாம் அதன் வருகையாகப் பதிவானது. லீவு கேட்கவில்லை. டீக்குப் போகவில்லை. யூனியனில் சேரவில்லை. சூப்பர்வைசர் திட்டினால் முறைக்கவில்லை. பிப்ரவரி முடிவில் பெட்டி அந்த வருஷத்தின் சிறந்த ஊழியரைத் தேர்ந்தெடுத்தது. ஊழியர் 4417.

எம்.டி. தன்சீல் அகமது தாத்தா காலத்துக் கம்பெனியை நடத்துகிறவர். படித்தவர், அவசரக்காரர். பரிசளிப்பு மேடையில் பட்டியலைப் பார்த்துப் பெயரைப் படித்தார். லோகநாதனும் இன்னொருவனும் தோல் கட்டைத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தார்கள். எம்.டி. கட்டைப் பார்த்தார். சுப்பராயனைப் பார்த்தார்.

“இதுவா?”

“ஆமா சார்.”

“சிஸ்டம்ல இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்போ சரி.”

சால்வை போர்த்தினார். “இவரைப் போல அமைதியாக உழைக்கிறவர்கள்தான் இந்த நிறுவனத்தின் முதுகெலும்பு,” என்று மைக்கில் சொன்னார். முதலில் கை தட்டியது பிரிவின் ஏழு பேர்.

பதவி உயர்வும் வந்தது. தரவு நம்பகப் பிரிவின் ஒப்புதல் அதிகாரி. இதற்குச் சிபாரிசு செய்தவர் சுப்பராயனே. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கையெழுத்துப் போடுகிறவன்தான் பிற்பாடு மாட்டுவான் என்பது அவருக்குத் தெரியும். கேள்வி கேட்காத, வாய் திறக்காத, விசாரணைக்குக் கூப்பிட்டால் பேசாத ஒரு ஒப்புதல் அதிகாரியை அவர் வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்தார். ‘ஒப்புதல் அதிகாரியின் முடிவே இறுதியானது’ என்று விதியையும் எழுதி வைத்தார். தோல் கட்டு பெட்டி இருந்த அறையிலேயே சுழல் நாற்காலியில் அமர்த்தப்பட்டது. குளிரில் பூஞ்சை பிடிக்காமல் துடைக்கவும், விரல் வைக்க வேண்டிய இடத்தில் அதற்காக விரல் வைக்கவும் லோகநாதன் அதற்கு அட்டெண்டராகப் போடப்பட்டான்.

ஒப்புதல் தினமும் நாற்பது ஐம்பது வரும். சுப்பராயன் அனுப்புவார், லோகநாதன் கட்டை விரலை வைப்பான், திரையில் ‘4417 ஒப்புக்கொண்டார்’ என்று வரும்.

நாலாவது நாள் விரல் வைக்கும்போது தன் வெள்ளி மோதிரம் கறுத்துப் போயிருப்பதைக் கவனித்தான்.

ஃபினிஷிங்கில் பல வருஷம் போட்டிருந்த மோதிரம். ஒன்றும் ஆனதில்லை. சுண்ணாம்பு யார்டில் வேலை செய்யும் பெண்கள்தான் கொலுசைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். அங்கே சல்ஃபைடு ஆவிக்கு வெள்ளி நாலே நாளில் அடுப்புக்கரி ஆகிவிடும். இது ஆம்பூரில், வாணியம்பாடியில், பேர்ணாம்பட்டில் தோல் வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். அந்த ஆவி ஏசி போட்ட அறைக்குள் எப்படி வந்தது? லோகநாதன் வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பார்த்தான். ஏசி வெளிக்காற்றை உறிஞ்சும் ஓட்டை பின்பக்கம், கழிவுநீர்த் தொட்டிக்கு நேர் மேலே இருந்தது. முன்பக்கம் வைத்தால் எம்.டி. ஜன்னலில் இருந்து பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று பின்னால் வைத்திருந்தார்கள். மல்லிகை ஸ்ப்ரே எதற்கென்றும் புரிந்தது.

அதே வாரம் சென்னையில் இருந்து முஸம்மில் என்ற சர்வீஸ் இன்ஜினியர் வந்தான். காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து வந்த களைப்போடு பெட்டியைத் திறந்து ஒரு மின்சுற்று அட்டையை உருவினான். அதன் ஓரத்தில் பளபளவென்று இருக்க வேண்டிய பல்வரிசை கறுத்திருந்தது.

“வெள்ளியா தம்பி அது?” என்றான் லோகநாதன்.

“வெள்ளி, செம்பு எல்லாம் இருக்குண்ணே. கறுத்தா கரண்டு சரியா போகாது. எழுதறது ஒண்ணு, பதியறது ஒண்ணு ஆயிடும். டிசம்பர்லயே லெட்டர் போட்டேன். ஓட்டைய அடைங்க, ரெண்டு நாள் நிறுத்தி அட்டை மாத்தலாம்னு. பொங்கல் லீவுல ஒரு டிஸ்க் செத்துது. அதோட நகல் இருக்கற ஜோடி டிஸ்க்ல இருந்து திரும்ப எடுத்தாங்க, அதுவும் பாதி குப்பை. இந்த டிஸ்க்கும் போயிடும்.”

லோகநாதன் சுப்பராயனிடம் போய் மோதிரத்தைக் காட்டினான். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“தெரியும்.”

“தெரியுமா சார்?”

“ரெண்டு நாள் நிறுத்தினா பலகை என்னாகும்? அடச்சாலும் ஏன் அடச்சேன்னு எழுதணும். விழா முடியட்டும், பாக்கலாம்.”

“விழாவுக்கு மறுநாள் நான் ஏலம் போயிருவேன் சார்.”

சுப்பராயனுக்கு நிஜமாகவே சலிப்பாக இருந்தது.

“லோகநாதா, உன் கை மாட்டுச்சே, அன்னிக்கு அந்த மெஷின நிறுத்தினாங்களா? இல்லல்ல? விரல எடுத்துட்டுத் துடைச்சுட்டு ஷிஃப்ட் முடியறவரைக்கும் ஓட்டினாங்க. கம்பெனின்னா அப்படித்தான். அன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லலயே. இப்போ இன்னா புதுசா?”

அன்றைக்கு லோகநாதன் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம், அவன் அப்போது வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கத்தில் கிடந்ததுதான். மெஷின் தொடர்ந்து ஓடிய விஷயம் அவனுக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது.

“சரி சார்,” என்றான். திரும்பிப் போய்த் தோலைத் துடைத்தான்.

மறுநாள் பூர்ணிமாவைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, இன்னிக்கு என் வரிய எடுத்தேன். ‘பூர்ணி’ வரைக்கும் நான். அதுக்கப்புறம் சோடியம் ஃபார்மேட், இருபத்தஞ்சு கிலோ மூட்டை.”

“ஆளுங்க வரி மொத்தத்தையும் பேப்பர்ல எடுக்க முடியுமா?”

“பேப்பர் வாங்க ஒப்புதல் வேணுமே. பிரிவுல குடுக்க மாட்டாங்க.”

“யாரு ஒப்புதல் குடுக்கணும்?”

பூர்ணிமா திரையைப் பார்த்தாள். பிறகு அவன் கட்டை விரலைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

நாற்பது பெட்டி பேப்பருக்கு 4417 ஒப்புக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிவு ஆட்கள் ஏழு பேரும் கேண்டீனுக்குப் போனதும் பழைய பிரிண்டர் கரகரவென்று ஓடும். ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர். வரி கெட்டுப்போயிருந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு, சேர்ந்த தேதியைக் கேட்டு, சாட்சிக்கு இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஷபீ பாய் காகிதக் கட்டுகளைக் குடோனில் தோல்களுக்கு நடுவே அடுக்கினார். லோகநாதனின் வரி ஸ்டாக் லிஸ்டில் வந்தது. அதைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஊழியர் லிஸ்டில் கன்றுத் தோல் என்று இருந்த இடத்தின் மேல் பசை வைத்து ஒட்டினான். ஷபீ பாயும் பூர்ணிமாவும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

“பிரிவு ஆளுங்க ஏழு பேரு பாக்கி,” என்றாள் பூர்ணிமா கடைசி நாளில்.

“வேணாம்.”

“பாவம் இல்லயாண்ணே?”

“அவங்க வரி சிஸ்டத்துல பத்திரமா இருக்கு.”

பலகை 6995 காட்டிய அன்றைக்கு எச்சரிக்கைத் திரையின் வெளிச்சம் துணிக்கு மேலேயே தெரிய ஆரம்பித்தது. இரண்டாவது துணி போட்டார்கள். அதையும் மீறித் தெரிந்தது. சுப்பராயனுக்கு இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகப் பயம் வந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை ஆர்டர் தயாரித்தார்: ‘ஏசியின் வெளிக்காற்று ஓட்டையை அடைத்தல். அட்டைகளை மாற்றுதல். காரணம்: அழகு.’ ஒப்புதலுக்கு அனுப்பினார்.

திரையில் வந்ததை லோகநாதன் நிதானமாகப் படித்தான். ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘நிராகரிக்கிறேன்’ என்று இரண்டு கட்டம். இத்தனை நாளில் இரண்டாவது கட்டத்தை அவன் தொட்டதில்லை. கர்சரை அதற்குக் கொண்டுபோய்க் கட்டை விரலை வைத்தான். காரணம் கேட்டது. மூன்று காரணங்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தான்: ‘சிஸ்டத்தில் பிழை இல்லை.’

சுப்பராயன் அறைக்குள் ஓடி வந்தார், செருப்போடு. நேராகச் சுழல் நாற்காலிக்கு எதிரே போய் நின்று, “ஏன்?” என்று தோல் கட்டைப் பார்த்துக் கேட்டார். பிறகுதான் சுயநினைவு வந்தது.

“நீதானேடா விரல் வெச்ச?”

“நான் ஸ்டாக்கு சார். ஸ்டாக்குக்கு முடிவெடுக்கற அதிகாரம் கிடையாது.”

“எம்.டி. கிட்ட சொல்லுவேன்.”

“சொல்லுங்க சார். நான் ஆளுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

சுப்பராயனின் வாய் திறந்தது. ஆள் என்று சொன்னால் வரி தப்பு. வரி தப்பு என்றால் பலகை. வாய் மூடிக்கொண்டது. மெயின்டெனன்ஸில் போய் ஓட்டையைச் சும்மா ஒரு தகரம் வைத்து அடைக்கச் சொன்னார். ஒப்புதல் இல்லாமல் ஆணி கூட அடிக்க முடியாது என்றார்கள். அந்த விதியும் அவர் போட்டதுதான். அவரே அடைக்கலாம் என்று ஏணி கேட்டார். ஏணிக்கும் ஒப்புதல் வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தொட்டியின் கைப்பிடிச் சுவரில் நின்றுகொண்டு, பட்டுத் துணியை ஒரு கழியில் கட்டி ஓட்டைக்குள் திணிக்கப் பார்த்ததைச் சுண்ணாம்பு யார்டுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். துணி தொட்டிக்குள் விழுந்தது. அவர் விழவில்லை. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மார்ச் முப்பது. பந்தல், நாதஸ்வரம், பிரியாணி. வெளிநாட்டில் இருந்து தோல் வாங்குகிற இருவர் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் 7000 எரிந்தது. சுப்பராயன் மைக்கைப் பிடித்தார்.

“ஏழாயிரம் நாள். ஒரு பிழை இல்லை. எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிழையைத் தேடுகிறவர்களுக்குத்தான் பிழை கிடைக்கும். நாங்கள் தேடியதே இல்லை!”

பலத்த கைதட்டல். எம்.டி. பொத்தானை அமுக்கினார். பெரிய திரையில் ஆயிரத்து நூறு பேரின் பெயரும் மலர் தூவுவது மாதிரி இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வரி இறங்கியது: ‘தன்சீல் அகமது, நிர்வாக இயக்குநர், ஆட்டுத் தோல், நாற்றம் உண்டு.’ எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாவது வரி: ‘சுப்பராயன், கழிவுச் சதை, ஈரமானது, நாலு டன்.’ மூன்றாவது வரியில் எழுத்துகளே இல்லை, கட்டம் கட்டமாக வந்தது. அப்புறம் திரை கறுத்தது. பெட்டி அறையில் இருந்து நீளமாக ஒரு முனகல் கேட்டு நின்றது.

இரும்புப் பெட்டியைத் திறந்து டேப்களை எடுத்தார்கள். முஸம்மில் வந்து மாதத்துக்கு ஒன்றாகச் சாயந்திரம்வரை ஓட்டிப் பார்த்தான். எதிலும் ஒன்றும் இல்லை. நாலு வருஷமாக ஒன்றும் இல்லை.

பலகை மட்டும் 7000 என்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அது தனி பேட்டரியில் ஓடும் ஒரு கடிகாரம்.

ஏலம் நடக்கவில்லை. எதை ஏலம் விடுவது என்று சொல்லப் பட்டியல் இல்லை. எம்.டி. தலையைப் பிடித்துக்கொண்டு, “இங்க யாரு வேலை பாக்கறாங்கன்னாவது யாருக்காவது தெரியுமா?” என்று கத்தியபோது, ஷபீ பாய் கைவண்டியில் காகிதக் கட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எம்.டி. அரைமணி நேரம் புரட்டிப் பார்த்தார்.

“பேப்பர்ல இருக்கறவன் வேலைக்கு வரட்டும். இல்லாதவன் புது ஆளு. வேற பேச்சு கிடையாது.”

ஏப்ரல் ஒன்றாம் தேதி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டார்கள். பூர்ணிமா காகிதத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, லோகநாதன் பெரிய நோட்டில் எழுதினான். அதுதான் அவனுக்குக் கொடுக்கப்பட்ட லைட் வொர்க். இடது கையின் மூன்று விரல்களால் பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் நிதானமாக எழுதினான். வரிசை பைபாஸ்வரை நின்றது. பத்து மணிக்கு மேல் சுப்பராயனின் முறை வந்தது. அவருக்குப் பின்னால் அவருடைய பிரிவு ஆட்கள் ஆறு பேர்.

பூர்ணிமா காகிதத்தைப் புரட்டினாள். “இல்ல,” என்றாள்.

“பேரு?” என்றான் லோகநாதன்.

“லோகநாதா, இன்னாய்யா இது?”

“பேரு சொல்லுங்க சார். லைன் நிக்குது.”

“சுப்பராயன்.”

“கொஞ்சம் சத்தமா.”

“சுப்பராயன்!”

“சேர்ந்த தேதி இன்னிக்குப் போட்டுக்கறேன். இடம் சுண்ணாம்பு யார்டு. அங்கதான் ஆளு கம்மி.”

“நான் பிரிவுத் தலைவருய்யா. இருபத்தாறு வருஷம். உனக்குத் தெரியாதா? இவங்க யாருக்கும் தெரியாதா?”

வரிசையைத் திரும்பிப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது.

“பேப்பர் எதுனா வெச்சிருக்கீங்களா சார்?”

சுப்பராயன் சட்டைப் பையைத் தொட்டார். பேண்ட் பையையும் தொட்டார். கையை எடுத்துவிட்டார்.

லோகநாதன் பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினான். ‘முன் அனுபவம்’ என்று அச்சடித்திருந்தது. நிமிர்ந்து அவரை ஒருமுறை தலையில் இருந்து கால்வரை பார்த்தான். ‘இல்லை’ என்று எழுதினான்.